முந்தி இறுகும் கலவை

எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் அடுப்பில் கொதிக்கவிடாமல் வெதுவெதுப்பான நிலையிலேயே கலந்து, கலவை ஓரளவு தடித்ததும் அச்சில் ஊற்றி, மீதி வினையை அச்சுக்குள்ளேயே நடக்கவிடும் சோப்புத் தயாரிப்புக்குக் குளிர்முறை என்று பெயர். கரண்டியைத் தூக்கிச் சொட்டவிடும்போது விழும் இழை உடனே அமிழ்ந்துவிடாமல் மேற்பரப்பில் ஒரு கோடாகச் சில நொடிகள் நின்றால், கலவை அச்சுக்கு ஆயத்தமாகிவிட்டது என்று கொள்ளலாம். வீட்டில் சோப்பு செய்வோர் இந்தப் பதத்தை ‘ட்ரேஸ்’ என்கிறார்கள். ட்ரேஸ் வந்த பின்னும் நிறமும் வாசனையும் சேர்த்து, அச்சின் மூலைகள் நிரம்பும்படி ஊற்றி முடிக்கும்வரை கலவை இளகிய நிலையில் இருந்தாக வேண்டும். சில வேளைகளில் அது அந்த அவகாசத்தைத் தருவதில்லை. வாசனை எண்ணெய் விழுந்த அரை நிமிடத்துக்குள் பாத்திரத்திலேயே கெட்டிப்பட்டு, கரண்டியை நட்டால் நிற்கும் அளவுக்கு இறுகிவிடுகிறது. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் பரிகாரம் சூட்டைக் குறைப்பது என்றாலும், கெட்டிப்படுதல் என்ற ஒரே தோற்றத்துக்குப் பின்னால் வெவ்வேறு நிகழ்வுகள் இருப்பதால், ஒன்றுக்கு மருந்தாகும் குளிர்ச்சி இன்னொன்றுக்கு நோயாகவே ஆகிவிடுவதும் உண்டு.

எண்ணெய் என்பது பெரும்பாலும் ட்ரைகிளிசரைடு மூலக்கூறுகளின் தொகுப்பு; அதாவது ஒரு கிளிசரால் மூலக்கூறோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் பிணைந்த அமைப்பு. பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் யூஜின் ஷெவ்ரோல் விலங்குக் கொழுப்புகளைப் பற்றி 1823-இல் வெளியிட்ட நூல், கொழுப்பு கிளிசராலும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தது என்பதைத் தெளிவுபடுத்தியது. அதுவரை எண்ணெயும் காரமும் ஒட்டுமொத்தமாகக் கூடிச் சோப்பாகின்றன என்றே கருதப்பட்டுவந்தது. காஸ்டிக் சோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு அந்தப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக முறித்துக் கிளிசராலை விடுவிக்கிறது. விடுபட்ட கொழுப்பு அமிலம் சோடியத்தோடு சேர்ந்து உப்பாகிறது. அந்த உப்புதான் சோப்பு. வினை இவ்வளவு எளிதாகச் சொல்லப்பட்டாலும், அது நடக்கும் இடம் மிகக் குறுகியது. காரம் நீரில் இருக்கிறது, எண்ணெய் நீரில் கரைவதில்லை. ஆகவே இரண்டும் தொட்டுக்கொள்ளும் எல்லையில், வேதியியலார் இடைப்பரப்பு என்று குறிப்பிடும் அந்த மெல்லிய தளத்தில் மட்டுமே வினை தொடங்க முடியும்.

இந்த இடைப்பரப்பின் அளவுதான் வேகத்தை ஆள்கிறது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். தேங்காய் எண்ணெய் 200 கிராம், நல்லெண்ணெய் 250 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம் சேர்ந்த 500 கிராம் எண்ணெய்க்கு, 5 விழுக்காடு எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும்படி வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 73 கிராம் காஸ்டிக் சோடா தேவைப்படும். அதை இரு மடங்கு நீரில் கரைத்தால் கிடைக்கும் கரைசலின் கொள்ளளவு சுமார் 160 மில்லிலிட்டர். இந்தக் கரைசல் எண்ணெய்க்குள் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளிகளாகச் சிதறினால் எல்லாத் துளிகளின் மேற்பரப்பும் சேர்ந்து 1 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஹேண்ட் பிளெண்டரின் அலகு அதே கரைசலை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள துளிகளாக நொறுக்கினால், மேற்பரப்பு நூறு மடங்காகி ஆயிரம் சதுர அடியைத் தொட்டுவிடும். பாத்திரத்தில் இருக்கும் பொருள் ஒரு கிராம்கூடக் கூடவில்லை. வினை நடக்கும் இடம் மட்டும் நூறு மடங்கு விரிந்திருக்கிறது.

இதோடு நிற்காமல், வினையில் பிறக்கும் சோப்பே வினையை விரைவுபடுத்தும் கருவியாகவும் மாறுகிறது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரையும் நீண்ட வால் எண்ணெயையும் நாடுவதால், அது இடைப்பரப்பில் போய் அமர்ந்து, உடைந்த துளிகள் மறுபடி ஒன்றுசேராமல் தடுக்கிறது. இப்படிப் பிரியாமல் நிற்கும் எண்ணெய்-நீர்க் கலவைக்குப் பால்மம் என்று பெயர். நீரில் சோப்பின் செறிவு கூடும்போது மூலக்கூறுகள் வால்களை உள்ளே மடக்கிக்கொண்டு ‘மிசெல்’ எனப்படும் நுண்திரள்களாகக் கூடுகின்றன என்ற கருத்தை வேதியியலாளர் ஜேம்ஸ் மக்பெய்ன் 1913-இல் முன்வைத்தார். அந்தத் திரள்களின் உள்ளறையில் எண்ணெய் குடிபுக முடியும் என்பதால் காரத்துக்கு எட்டாமல் இருந்த எண்ணெயும் எட்டத் தொடங்குகிறது. விளைபொருளே தன் உற்பத்தியைத் தூண்டும் இத்தகைய வினைகள் தன்வினையூக்க வினைகள் எனப்படுகின்றன. இவை தொடக்கத்தில் மந்தமாக நகர்ந்து, நடுவில் திடீரென்று பாய்ந்து, கடைசியில் மீண்டும் தளரும். ட்ரேஸ் தெரியும்போது எண்ணெயில் ஒரு சிறு பங்குதான் சோப்பாகியிருக்கும். மீதியெல்லாம் அச்சில் அடுத்த ஓரிரு நாட்களில் நடக்கும். எனவே முந்தி இறுகும் கலவையில் வினை முடிந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. மந்தமான முதற்கட்டம் சுருங்கிப்போய், பாய்ச்சல் பாத்திரத்திலேயே தொடங்கிவிட்டது என்பதுதான் பொருள்.

அப்படிச் சுருக்கும் காரணங்களில் முதலாவது கையிலுள்ள பிளெண்டர். அதை நிறுத்தாமல் ஓட்டுவது, வெறுமனே கிளறும் வேலையன்று, வினையையே முடுக்கும் வேலை. ஐந்து நொடி ஓட்டி, நிறுத்தி, அணைத்த பிளெண்டராலேயே அரை நிமிடம் கையால் கிளறி, பதத்தைப் பார்த்தபின் அடுத்த ஐந்து நொடிக்குப் போவது நல்ல பழக்கம். எண்ணெய்ப் படலமோ கண்ணீர் போன்ற தெளிந்த கோடுகளோ மேலே மிதக்காமல் கலவை ஒரே நிறமாக மாறியதுமே பால்மம் உருவாகிவிட்டது. அதற்குமேல் பிளெண்டருக்கு வேலையில்லை, கம்பி மத்தோ கரண்டியோ போதும்.

அடுத்தது வெப்பம். பொதுவாக வேதிவினைகள் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகின்றன. காஸ்டிக் சோடா நீரில் கரையும்போதே பெரும் வெப்பத்தை உமிழ்கிறது. ஒரு மோல், அதாவது 40 கிராம், ஏறக்குறைய 44 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடுவதால் புதிதாகக் கரைத்த கரைசல் 80 டிகிரியைத் தாண்டிவிடும். நீரைக் காஸ்டிக் சோடாவின் மேல் ஊற்றக்கூடாது, சோடாவைத்தான் சிறிது சிறிதாக நீரில் போடவேண்டும் என்ற விதி இதனால்தான் வந்தது. அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும் என்பதால் எவர்சில்வரோ தடித்த பிளாஸ்டிக்கோதான் ஏற்றது. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. மேலைநாட்டுக் கையேடுகள் கரைசலை ‘அறை வெப்பநிலைக்கு’ ஆறவிடச் சொல்லும்போது அந்த அறை 20 டிகிரியை ஒட்டியது. சென்னையின் மே மாதப் பகலில் அறையோ 35 டிகிரியை எட்டிவிடும். கையேட்டின் சொல்லை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுபவருக்கும் கலவை இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் ஓடும் என்பதில் வியப்பில்லை. பிரான்சில் 1688-இல் பிறந்த அரசாணை, கோடை வெப்பம் சரக்கின் தரத்தைக் கெடுக்கிறது என்று சொல்லி, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சோப்பு உற்பத்தியையே தடைசெய்தது. அது கொதிக்கவைத்துச் செய்யும் சோப்பைப் பற்றியது என்றாலும், பருவம் இந்தத் தொழிலில் தலையிடுவது புதிதல்ல என்பதைக் காட்டுகிறது. வெயில் காலத்தில் கரைசல் பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் அமர்த்திக் குளிர்விப்பதும், அதிகாலையில் வேலையை முடிப்பதும் பலன் தரும்.

ஆனால் குளிர்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு. தேங்காய் எண்ணெய் 24 அல்லது 25 டிகிரியில் உறையும். கோகோ வெண்ணெய் 34 டிகிரி வரை திடமாக நிற்கும். ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரியில்தான் உருகும். கொடைக்கானலின் டிசம்பர் காலையில் இவற்றை உருக்கி, குளிர்ந்த காரக் கரைசலை ஊற்றினால், கொழுப்பு சிறு படிகங்களாக உறைந்து கலவை தடித்துவிடும். அங்கே சோப்பு அநேகமாகப் பிறக்கவே இல்லை. இந்தப் பொய்ப் பதத்தை உண்மையான ட்ரேஸ் என்று நம்பி அச்சில் ஊற்றினால், பிறகு வினை சூடேறும்போது படிகங்கள் உருகி, மேலே எண்ணெயும் அடியில் சுடும் காரநீருமாகப் பிரிந்து கிடக்கும். முந்தி இறுகுவதன் வகைகளில் தோலுக்கு ஆபத்தானது இதுதான். பிரித்தறியும் வழி எளிது. உண்மையான ட்ரேஸ் வழவழப்பும் மினுக்கமும் உடையது, பொய்ப் பதம் மங்கலாகவும் விரலுக்கு நெறுநெறுப்பாகவும் (உறை அணிந்த விரலுக்கு என்று சேர்த்துக்கொள்ளவேண்டும்) இருக்கும். ஐயம் தீராவிட்டால் பாத்திரத்தை வெந்நீரில் சில நிமிடம் நிறுத்திக் கையால் கிளறலாம்: இளகினால் உறைந்த கொழுப்பு, மேலும் தடித்தால் உண்மையான சோப்பு. முன்னதற்குச் சூடே மருந்து.

எண்ணெயின் தன்மை இன்னும் நுட்பமான காரணம். பெரும்பாலும் கடைசியாகச் சந்தேகிக்கப்படுவதும் அதுவே. விதை உடைந்து ஈரம் பட்டதும் அதிலுள்ள லிபேஸ் என்னும் நொதி ட்ரைகிளிசரைடைப் பிளந்து கொழுப்பு அமிலங்களைத் தனியே பிரித்துவிடுகிறது. இவற்றைத் தனித்த கொழுப்பு அமிலங்கள் என்பர். ட்ரைகிளிசரைடின் பிணைப்பை முறிக்கக் காரத்துக்கு நேரம் பிடிக்கும்; தனித்த அமிலத்துக்கு முறிக்க ஒன்றுமில்லை, அமிலமும் காரமும் சந்தித்த மாத்திரத்தில் சோப்பு. மேற்சொன்ன 500 கிராம் எண்ணெயில் பத்தில் ஒரு பங்கு இப்படித் தனித்த அமிலமாக இருந்தால், ஊற்றிய காரத்தில் 7 கிராம் நொடிகளில் தீர்ந்து, 50 கிராமுக்கு மேற்பட்ட சோப்பு கலவைக்குள் ஒரேயடியாகத் தோன்றும். தன்வினையூக்கம் தொடங்கச் சில கிராம் சோப்பே போதும் என்னும்போது, 50 கிராம் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சுத்திகரிக்காத இலுப்பை எண்ணெயும் வேப்பெண்ணெயும் இந்தக் குணத்துக்குப் பேர்போனவை. மழைக்காலத்தில் ஈரப் பதத்தோடு கிடங்கில் கிடந்த கொட்டைகளை ஆட்டினால் அமிலம் மேலும் ஏறும். நெல் அரைத்தவுடன் தவிட்டில் லிபேஸ் வேலையைத் தொடங்கிவிடுவதால், சுத்திகரிக்காத தவிட்டெண்ணெயும் அப்படியே. மூக்கை மட்டும் நம்புவது இங்கே பயன்படாது. சிக்கு வாடை எண்ணெய் காற்றால் கெட்டதன் அடையாளம், நீளமான சங்கிலியுடைய கொழுப்பு அமிலங்களுக்கோ சொல்லும்படியான வாடை இல்லை. ஒரு கிராம் எண்ணெயிலுள்ள அமிலத்தைச் சமன்செய்யத் தேவைப்படும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் மில்லிகிராம் அளவை அமில எண் என்பர். ஓலிக் அமிலமாகக் கணக்கிட்டால் அமில எண்ணில் பாதிதான் தனித்த அமிலத்தின் விழுக்காடு. இந்த எண்ணை ஆய்வகத்தில் பார்த்துச் சொல்லும் விற்பனையாளர் கிடைத்தால் நல்லது. கிடைக்காதபோது இலுப்பை, வேம்பு போன்றவற்றை மொத்த எண்ணெயில் பத்தில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. சோப்பு கட்டியாக நிற்கவேண்டும் என்று ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பவர்கள், அதே தனித்த அமிலத்தைத் தாமே கையால் அள்ளிப் போடுகிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். விளக்கெண்ணெயும் அளவு மீறினால் வேகத்தைக் கூட்டும்.

ஆயினும் பாத்திரத்திலேயே கல்லாகிப்போகும் கலவைகளுக்குப் பெரும்பாலும் வாசனைப் பொருள்தான் காரணம். கிராம்பு எண்ணெயை எடுத்துக்கொண்டால் அது எப்படி நடக்கிறது என்பது விளங்கும். அதன் பெரும்பகுதி யூஜினால் என்னும் சேர்மம். யூஜினால் ஒரு பீனால். அதாவது பென்சீன் வளையத்தில் நேரடியாக ஒட்டிய ஹைட்ராக்சில் தொகுதி உடையது. அதனால் மெல்லிய அமிலமாக நடந்துகொண்டு காரத்தோடு உடனே உப்பாகிவிடும். 500 கிராம் கலவையில் 10 கிராம் கிராம்பு எண்ணெய் விட்டால் சுமார் 2 கிராம் காஸ்டிக் சோடா அதற்கே போய்விடும். அளவு அற்பந்தான். ஆனால் எண்ணெயில் கரைந்திருந்த யூஜினால் இடைப்பரப்பை அடைந்து மின்னூட்டம் பெற்றதும், ஒரு முனை நீரிலும் மறு முனை எண்ணெயிலுமாக நின்று சோப்பைப் போலவே இரண்டையும் பிணைக்கிறது. விட்ட இடத்தில் முதலில் மஞ்சள் நிறம் படர்கிறது. கரண்டி ஒரு சுற்று வருவதற்குள் அந்த இடம் தடித்து மற்ற இடம் இளகி நிற்கிறது. இரண்டாம் மூன்றாம் சுற்றில் பாத்திரம் முழுவதும் பிசைந்த மாவாகி, அடியில் தொட்டால் சூடு தெரிகிறது. இலவங்கப்பட்டை இலையின் எண்ணெயிலும் யூஜினால் மிகுதி. மல்லிகை, லில்லி போன்ற பூ வாசனைகளைச் செயற்கையாகக் கட்டும்போது சாலிசிலேட் வகைச் சேர்மங்கள் சேர்க்கப்படுவதுண்டு, அவையும் பீனால்களே. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்களில் மிகுந்திருக்கும் லிமோனீன் வெறும் ஹைட்ரோகார்பன். காரம் அதைத் தொடுவதில்லை, கலவையும் அமைதியாக இருக்கும்.

உடலில் தெளித்துக்கொள்ளும் சென்ட்டைச் சோப்பில் ஊற்றுபவர்கள் வேறொரு வினையூக்கியைச் சேர்க்கிறார்கள். அதிலுள்ள ஸ்பிரிட், அதாவது எத்தனால், நீரோடும் ஓரளவு எண்ணெயோடும் கலந்துபோகக்கூடியது என்பதால், வினையைத் தடுத்துவைத்திருந்த எல்லைச்சுவரையே அது கரைத்துவிடுகிறது. கல்லூரி ஆய்வகங்களில் எண்ணெயைச் சோப்பாக்கத் தேவையான கார அளவைக் குறிக்கும் சோப்பாதல் எண்ணைக் கண்டறிய ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடைப் பயன்படுத்துவது இந்தக் காரணத்துக்காகவே. ஆய்வகத்துக்கு வேண்டிய வேகம் வீட்டுச் சோப்புக்குத் தொல்லை. சில வாசனை எண்ணெய்கள் மொத்தக் கலவையையும் இறுக்காமல், ஆங்காங்கே அரிசிக் குருணை அளவில் வெள்ளைக் கட்டிகளை மட்டும் உண்டாக்கும். இந்தக் குருணை கட்டுதலைப் பிளெண்டரைச் சில நொடி ஓட்டிக் கரைத்துவிடலாம். அப்படிக் கரைத்ததும் கலவை வேகமாகத் தடிக்கும் என்பதால் அச்சு பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

புட்டியில் அடைத்த வாசனை எண்ணெயின் உட்பொருள்களை விற்பவர் முழுமையாகச் சொல்வதில்லை. ஆகவே சோதித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை: வாசனையில்லாக் கலவையில் 50 கிராமைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து, அதில் ஒரு கிராம் வாசனையை விட்டு ஐந்து நிமிடம் கவனித்தால் போதும். முரடான வாசனை என்று தெரிந்தால், அதை எண்ணெயின் ஒரு பகுதியில் முன்கூட்டியே நீர்த்துவைத்து, கலவை பால்மமான உடனே, தடிப்பதற்கு வெகு முன்பே, பிளெண்டரைத் தொடாமல் கையால் கலக்கி ஊற்றிவிடவேண்டும்.

நலங்கு மாவு, ஆவாரம்பூப் பொடி, முல்தானி மட்டி ஆகியவை தடிக்கவைப்பது வேதிவினையால் அன்று. அவை நீரை உறிஞ்சுகின்றன, எஞ்சிய காரக் கரைசலும் அதனால் செறிகிறது. முன்கூட்டியே அளந்துவைத்த எண்ணெயில் குழைத்துச் சேர்த்தால் தீர்ந்தது. தேனும் பாலும் தம் சர்க்கரையால் சூட்டைக் கூட்டும். பாலை உறையவைத்துப் பயன்படுத்துவது அதனால்தான்.

நீரின் அளவு இவை எல்லாவற்றுக்கும் அடியில் நின்று வேலை செய்கிறது. 73 கிராம் காஸ்டிக் சோடாவை அதே எடை நீரில் கரைப்பதற்கும் 180 கிராம் நீரில் கரைப்பதற்கும் இடையில், கலவை இளகி நிற்கும் நேரம் கண்கூடாக மாறும். சோப்பு சீக்கிரம் உலரவேண்டும் என்ற அவசரத்தில் நீரைக் குறைப்பவர்கள், கடினமான வாசனையையோ இலுப்பை எண்ணெயையோ சேர்க்கும் நாளில் அந்தச் சிக்கனத்தைக் கைவிடுவது நல்லது. இரண்டரை மடங்கு நீர் விட்ட சோப்பு சில வாரங்கள் கூடுதலாக உலரும், சற்றுச் சுருங்கும், அவ்வளவுதான் இழப்பு. ஆனால் கலவை தடிக்கத் தொடங்கிய பிறகு நீரை ஊற்றி இளக்க முயல்வது வீண். உருவான சோப்பு அந்த நீரை இழுத்துக்கொண்டு கூழாகும், காரம் சமமாகப் பரவாது.

முழுவதும் இறுகிவிட்ட கலவையையும் எறியத் தேவையில்லை. பாதி இறுகிய நிலையில் கரண்டியால் அள்ளி அச்சில் அழுத்தி நிரப்பலாம் என்றாலும், காற்றறைகளும் அவற்றில் தேங்கிய காரமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். உறுதியான வழி சூட்டுமுறைக்கு மாறுவது. எவர்சில்வர் பாத்திரத்தை அப்படியே கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி, மூடி, இடையிடையே கிளறிவந்தால், கட்டி சிறிது சிறிதாக இளகி, ஓரங்களிலிருந்து உள்நோக்கி ஒளி ஊடுருவும் கூழாக மாறும். அது எங்கும் ஒரே சீராகப் பரவ ஒரு மணி நேரம் வரை ஆகலாம். பொங்கி வழியக்கூடும் என்பதால் பாத்திரத்தில் பாதி காலியாக இருக்கவேண்டும். வெந்து முடியும்போது காரம் அநேகமாகத் தீர்ந்துபோயிருக்கும். கலவையைக் குலைத்த அதே கிராம்பு எண்ணெயை, சூடு சற்றுத் தணிந்ததும், இப்போது அச்சமின்றிச் சேர்க்கலாம். யூஜினால் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் அளவு சில துளிகளுக்கு மேல் போகவேண்டாம். சோப்பு நாளடைவில் பழுப்பேறுவதையும் தடுக்க முடியாது.